சாளரத்தருகே ஒரு பட்டறை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இன்று நாம் ஒரு கைவினையைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். வானவூர்தி, கப்பல், புகைவண்டி முதலியவற்றை அளவு பிசகாது சிறிதாக்கி, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வண்ணம் தெளித்து நிறுத்தும் கலையே அது. பிள்ளைகள் அதனை ‘ஸ்கேல் மாடல்’ என்பர். நாம் சிற்றுரு என்போம்.

இக்கலையால் என்ன பயன் என்று பெற்றோர் வினவலாம். நம் தலைநகரில் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ‘மாருத்’ என்னும் போர் விமானம் நிற்கிறது. குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியப் பொறிஞரின் தலைமையில், பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் உருவாகி, 1961 ஜூன் 17-இல் அது முதன்முதலாகப் பறந்தது. அதன் நீளம் 15.87 மீட்டர். அதனை 72-ஆல் வகுத்தால் 22 சென்டிமீட்டர் வரும். அந்த 22 சென்டிமீட்டரைத் தன் கையால் ஆக்கும் சிறுவனோ சிறுமியோ, கணக்கையும் வரலாற்றையும் பொறுமையையும் ஒருங்கே பயில்கின்றனர் அன்றோ?

ஆயின் நாம் வாழ்வது இரண்டு அறைக் குடியிருப்பு. ஒரு கட்டிலில் பாட்டி. ஒரு தொட்டிலில் குழந்தை. ஆதலின் முதற்கேள்வி, எந்தக் கருவியை வாங்குவது என்பதன்று. வீட்டார் விடும் மூச்சுக்கு ஊறு நேராமல் இதனை எங்கே செய்வது என்பதே. விடை ஒன்றுதான்: பட்டறையின் முதற்கருவி சாளரம். சாளரம் இல்லாத மூலையில் ஒட்டலாம், தெளிக்கலாகாது.

மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மேசை ஒன்று போதும். அதனைச் சாளரத்தருகே இடுக. சமையலறையினின்றும் படுக்கையினின்றும் விலக்கி இடுக. நிழல் விழாதிருக்க இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாகப் பகலொளி போன்ற வெண்விளக்குகள் இரண்டு வேண்டும். மேசை விளிம்பில் ஒரு துணியைப் பொருத்தி, அதன் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டால், கைதவறிய துண்டு தரையில் விழுந்து மறையாது மடியில் தங்கும். உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் பிளாஸ்டிக் தூள் பறவாது. ஒட்டும் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்தே இணைப்பது. அதன் ஆவியும் நல்லதன்று. மூடியை உடனுக்குடன் மூடுக.

இனி ஏர்பிரஷ்ஷுக்கு வருவோம். 0.3 மில்லிமீட்டர் துளை தொடக்கத்திற்கு ஏற்றது. காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு வரை போதுமானது. வண்ணத்தைப் பாலின் பதத்திற்கு நீர்க்கச் செய்து, முதலில் பழந்தாளில் தெளித்துக் கை பழகுக. ஒரே பூச்சில் முடிக்க விரையாது, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை இடுக. காற்றைத் தேக்கும் தொட்டியுடன் கூடிய கம்ப்ரஸரை வாங்கினால், அது இடைவிடாது இரைந்து அண்டை வீட்டாரை வருத்தாது. அடியில் ஒரு ரப்பர் விரிப்பும் இடுக.

தெளிக்கும் வண்ணம் முழுவதும் சிற்றுருவின் மேல் படிவதில்லை. எஞ்சியது நுண்துளியாய்க் காற்றில் மிதக்கும். அதனை வெளியேற்றவே, முன்புறம் திறந்த தெளிப்புப் பெட்டி ஒன்று வேண்டும். அதன் வாயில் நிமிடத்திற்கு நூறடி வேகத்தில் காற்று உள்ளிழுக்கப்படுதல் நலம். வாய் இரண்டடி அகலமும் ஒன்றரையடி உயரமும் ஆயின் பரப்பு 3 சதுர அடி. எனவே நிமிடத்திற்கு 300 கன அடி காற்றை இழுக்கும் விசிறி தேவை. குழாயும் வடிதாளும் தடுப்பதை எண்ணிச் சற்றுப் பெரியதே கொள்க. குழாய் குட்டையாய், வளைவு குறைந்ததாய், சாளரத்தின் வழியே வெளியே செல்க. அடுத்த வீட்டுச் சாளரத்தை நோக்கியோ பொது நடையை நோக்கியோ அது திரும்பலாகாது. வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று நுழைய வேறொரு வழியும் திறந்திருத்தல் வேண்டும்.

நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே வீட்டிற்குப் பொருந்துவது. எனினும் அதன் நுண்துளியும் நுரையீரலுக்கு ஆகாது. ஆகவே முகமூடி அணிக. லாக்கரும் தின்னரும் தெளிப்பதாயின், தூசு தடுக்கும் முகமூடி ஆவியைத் தடுக்காது. கரி வடிகலம் பொருத்திய முகமூடியே தடுக்கும். அவ்வாவி காற்றினும் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று, தொலைவிலுள்ள நெருப்பிலும் பற்றும். சாதாரண விசிறியின் மோட்டார்ப் பொறியே அதற்குப் போதும். ஆதலின் இரண்டறை வீட்டில் அவற்றைத் தெளியாதிருத்தலே அறிவுடைமை.

தலைநகரின் பருவங்களையும் அறிந்து நடத்தல் வேண்டும். மே, ஜூன் திங்களில் புழுதிக்காற்று எழும். ஈர வண்ணத்தில் தூசு ஒட்டும். அந்நாளில் மேசையை ஈரத்துணியால் துடைத்து, தெளித்த பொருளைப் பெட்டியால் மூடுக. கூலர் ஓடும் அறையில் ஈரம் மிகும், மழைக்காலத்திலும் அவ்வாறே. காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் வடிகலத்தைக் குழாயில் பொருத்தி, தொட்டியில் தேங்கும் நீரை வேலை முடிந்ததும் வடித்துவிடுக. இன்றேல் நீர்த்துளி வண்ணத்தில் தெறிக்கும். குளிர்காலமே மிக்க எச்சரிக்கைக்கு உரியது. சாளரங்கள் அடைபட்டிருக்கும், அறையில் ஹீட்டர் எரியும். அந்நிலையில் தெளிக்கவே வேண்டா. வெட்டுதல், ஒட்டுதல், தேய்த்தல் ஆகியவற்றைக் குளிரில் செய்து வைத்து, வெயில் திரும்பியபின் வண்ணம் இடுக. காத்திருத்தலும் இக்கலையின் ஒரு பகுதியே.

கத்தியும் பசையும் தின்னரும் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். கழுவிய தின்னரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தெளிக்கும் நேரத்தை வீட்டாருடன் கலந்து முடிவு செய்யுங்கள். பாட்டி இருமினால் அன்று பணியை நிறுத்துங்கள்.

மழை ஓய்ந்து காற்று உலரும் வேளையில் நவராத்திரி வருகிறது. நம் இல்லங்களில் கொலுப்படியின் கீழே பூங்காவும் ஊரும் அமைப்பது வழக்கம். அங்கே கடைப் பொம்மைகளின் நடுவே, பிள்ளைகள் தம் கையால் ஆக்கிய நிலையமும் புகைவண்டியும் விமானமும் நிற்கட்டும். மூச்சு முட்டாத வீட்டில் பிறந்த கலை என்று அவற்றைக் காணும் தாயுள்ளம் மகிழும். அம்மகிழ்ச்சிக்காக, இவ்வாண்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாளரம் திறக்கட்டும்.