வழிசொல்லும் குரலைத் தேர்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகக் காலங்கழிப்பவன் நான். புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இம்மேடையில் இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றே என்னைப் பேசத் தூண்டுகின்றது.

என் தமையனார் குளுக்கோமா என்னும் கண்நோயினால் மெல்ல மெல்லப் பார்வையிழந்தார். ஐம்பது வயது வரை செங்கலிலிருந்து உதியங்குளங்கரைக்குத் தனியே நடந்துசென்று வந்தவர், திண்ணையோடு அமர்ந்துவிட்டார். "ஒவ்வொரு முறையும் துணைக்கு ஆள் கேட்பதற்கு நாணமாயிருக்கிறதடா, தம்பி!" என்று ஒருநாள் கூறினார். அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது. கைப்பேசியில் வழிகாட்டும் செயலிகள் உள என்று கேள்வியுற்று, இருவரும் ஆறு திங்கள் அவற்றைச் சோதித்தோம். அச்சோதனையிற் கற்றதை இங்கு எடுத்துரைக்கின்றேன்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி கைப்பேசியிலேயே அமைந்துள்ளது. ஆண்டிராய்டு கருவிகளில் அதற்கு டாக்பேக் என்றும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்றும் பெயர். அதற்குத் தனிவிலை ஏதும் இல்லை. செயலி நல்லதா என்பதற்கு முதற்சோதனை இதுவே: அவ்வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் திரையைத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரைச் சொல்லுகின்றதா? பெயரின்றிப் "பொத்தான், பொத்தான்" என்று மட்டும் ஒலிப்பின், அச்செயலி எத்துணைப் புகழுடையதாயினும் தள்ளிவிடுக. பார்வை சிறிதே எஞ்சியுள்ளோர் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அப்போது சொற்கள் திரைக்கு வெளியே மறைந்துபோகுமாயின் அதுவும் குறையே.

இரண்டாவது சோதனை, மொழி. எல்லைப்புறத்து மக்களாகிய நமக்கு இஃது இன்றியமையாதது. களியக்காவிளைக்கு அப்பால் பெயர்ப்பலகைகள் தமிழில், இப்பால் மலையாளத்தில். தமிழ் எழுத்துக்கென அமைந்த குரல், மலையாள எழுத்தைக் கண்டதும் வாய்மூடிக்கொள்ளக் கூடும். ஆகவே, இருமொழிக் குரல்களையும் கருவியில் நிறுவி, நாமறிந்த ஊர்ப்பெயர்களை வாசிக்கச் செய்து பார்த்தல் நலம்.

மூன்றாவது, நமக்கு வேண்டிய உதவி யாது என்பது. "எப்பக்கம் திரும்புவது?" என்பார்க்குக் கூகுள் மேப்ஸ் உதவும். பார்வையற்றோர் நடைபயணத்திற்கென விரிவான குரல்வழிகாட்டலை அந்நிறுவனம் 2019ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. எனினும் தொடக்கத்தில் அது ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலுமே பேசியது. "என்னைச் சுற்றி யாவை உள?" என்பார்க்குச் சிலி நாட்டில் தோன்றிய லாசரில்லோ போன்றவை பொருந்தும். "எதிரிலுள்ள பலகையில் என்ன எழுதியிருக்கிறது?" என்பார்க்கு, 2015இல் டென்மார்க்கில் பிறந்த பீ மை ஐஸ் உண்டு. காணொளி வழியே தொண்டர் ஒருவர் நம் கண்ணாக நின்று பார்த்துச் சொல்லுவார். இரயிற் பயணத்திற்கு வேர் இஸ் மை டிரெயின் நன்று. வண்டிக்குள் இருக்கும்போது இணையமின்றியே கைப்பேசிக் கோபுரங்களைக் கொண்டு இடத்தை அறியும். தமிழும் மலையாளமும் அதில் உண்டு. இறங்கும் நிலையம் நெருங்குகையில் ஒலியெழுப்பவும் செய்யும்.

நான்காவது, ஒன்றையே நம்பியிராமை. மைக்ரோசாப்டு நிறுவனம் 2018இல் வெளியிட்ட சவுண்டுஸ்கேப் என்னும் சிறந்த செயலி 2023இல் நிறுத்தப்பட்டது. அதன் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டமையால் வாய்ஸ்விஸ்டா போன்ற வழித்தோன்றல்கள் எழுந்தன. ஆயினும், அதனையே பழகியிருந்தோர்க்கு அது பெருந்துன்பமன்றோ? எனவே எப்போதும் இரண்டினைக் கற்றுவைத்தல் வேண்டும்.

இனி, ஓர் எச்சரிக்கை. திறந்த வானத்தின்கீழ் கூட, கைப்பேசி காட்டும் இடத்தில் ஏறத்தாழ 5 மீட்டர் பிழை இருத்தல் இயல்பு. மரநிழலிலும் கட்டடங்களினிடையிலும் அது மிகும். ஒருநாள் ஒரு செயலி "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று கூறியபோது, தமையனாரின் வலக்காலுக்கு ஒரு முழத் தொலைவில் மூடியில்லாத வடிகால் இருந்தது. அதனைக் கண்டுகொண்டது அவர்தம் வெண்கோலே! இரயில்வே ஊழியனாய் நின்று வேண்டுகின்றேன்: நடைமேடையின் விளிம்பை அறியக் கைப்பேசியை நம்பாதீர்கள். அங்கே 5 மீட்டர் பிழை என்பது உயிர்ப்பிழை. வெண்கோலும், காலுக்குத் தட்டுப்படும் புடைப்புக் கற்களும், அருகிலிருப்போரின் கையுமே அங்குத் துணை. காதை முழுதும் அடைக்கும் கேட்பானையும் தவிர்த்திடுக. வண்டியின் ஓசை செவிக்கு எட்ட வேண்டும்.

இறுதியாக, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். சவுண்டுஸ்கேப்பும் அதன் வழிவந்தனவும் ஓப்பன்ஸ்டிரீட்மேப் என்னும் பொது வரைபடத்தைக் கொண்டே பேசுவன. அதில் எவரும் தம்மூர்ப் பாதையையும் பெயரையும் சேர்க்கலாம், தமிழிலும் எழுதலாம். நம் இடைவழியும், கிணற்றங்கரையும், பேருந்து நிற்குமிடமும் அங்கு எழுதப்படாவிடில், எந்தக் குரலும் அவற்றைச் சொல்லாது. நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குவாராயின், தமிழ்த்தொண்டும் மக்கட்டொண்டும் ஒருங்கே நிறைவேறும்.

சென்ற திங்களில் என் தமையனார் தனியே அமரவிளை வரை சென்று திரும்பினார். மாலையில் வாயிலில் அவருடைய கோலின் ஓசை கேட்டது. "துணைக்கு யார் வந்தார்?" என்று அண்ணியார் வினவினார். "ஒருவரும் இல்லை" என்று அவர் கூறியபோது அக்குரலில் இருந்த பெருமிதத்தை நான் எவ்வாறு எடுத்துரைப்பேன்! அத்தகைய மாலைப்பொழுது நம் ஊரில் பலர்க்கும் வாய்க்க வேண்டும் என வேண்டி அமைகின்றேன்.