நாளை என்பது வென்றெடுத்த உரிமை

(ஏலூரில் நடைபெற்ற நினைவேந்தல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தம் பெயர் மேடைகளில் ஒலிப்பதை விரும்பாத ஒருவரை நினைவுகூர நாம் கூடியிருக்கிறோம். அவர் விருப்பத்தை மதித்து, இவ்வுரையில் அவரை மூத்த தோழர் என்றே குறிப்பிடுகிறேன்.

மட்டாஞ்சேரியில் பிறந்தார். கொச்சித் துறைமுகத்தில் சுமை தூக்கினார். மூன்று பெண்மக்களைப் படிக்கவைத்தார். இறுதி ஆண்டுகளை மகள் வீட்டில், இந்த ஏலூரில் கழித்தார். எளிய குடும்பத் தலைவரின் வாழ்க்கை இது. இவ்வளவு எளிய வாழ்க்கையை அடைவதற்கே ஒரு பெரும் போராட்டம் தேவைப்பட்டது என்பதை இளைய தோழர்கள் அறிய வேண்டும்.

கொச்சித் துறைமுகத்தில் அக்காலத்தில் 'சாப்பா' முறை நிலவியது. கப்பலில் வேலை செய்ய ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரனின் மூப்பன், திரண்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசியெறிவான். பாய்ந்து பற்றியவனுக்கு அன்று வேலை. பற்றாதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. மொழிபெயர்ப்புப் பணியில் இச்சொல்லை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். 'பணிச்சீட்டு' என்று எழுதலாம். ஆனால் சீட்டு கையில் கொடுக்கப்படுவது; சாப்பா மண்ணில் எறியப்படுவது. ஆகவே மலையாளச் சொல்லையே அப்படியே வைத்துக்கொண்டேன்.

மூத்த தோழரின் வலக்கைச் சுட்டுவிரல் வளைந்தே இருக்கும். சாப்பாவைப் பிடுங்கும் சண்டையில் முறிந்த விரல் அது. முறித்தவர் முதலாளியோ காவலரோ அல்லர், அடுத்த வீட்டுக்காரர். பசித்த இருவரை ஒரு வில்லைக்காக மோதவிட்டு வேடிக்கை பார்த்த முறையையே தோழர் வெறுத்தார். அந்த அண்டை வீட்டாரை அவர் ஒருநாளும் வெறுத்ததில்லை. பின்னாளில் இருவரும் ஒரே குழுவில் தோளோடு தோள் நின்று சுமை தூக்கினார்கள்.

இந்த இழிவுக்கு எதிராகத் துறைமுகத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். 1953 செப்டம்பர் 15 அன்று, அன்றைய திருவாங்கூர்-கொச்சி அரசின் காவல்துறை மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைதும் சைதலவியும் குண்டுக்குப் பலியாயினர். காவலில் சித்திரவதைக்கு ஆளான ஆன்றணியும் உயிர்நீத்தார். மதம் பார்த்து அன்று எவரும் களத்திற்கு வரவில்லை. அக்கூட்டத்தில் பதினெட்டு வயது இளைஞராக நம் மூத்த தோழரும் நின்றார். கே.எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தின் வழியாகவும், அதனடியாக ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளியான 'துறமுகம்' திரைப்படத்தின் வழியாகவும் அந்த வரலாறு இன்றும் பேசப்படுகிறது.

1959இல் கொச்சித் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. பதிவேட்டில் பெயர் ஏறியது. முறைவைத்து வேலை வந்தது. அதன் பிறகே தோழர் திருமணம் செய்துகொண்டார். "நாளைக்கு அரிசி வாங்கி வருவேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்த பிறகுதான் பெண் கேட்கப் போனேன்" என்பார். குடும்பம் வேறு, போராட்டம் வேறு என்று கருதுவோருக்கு இதுவே விடை. மகள்களின் பள்ளிக் கட்டணமும், மழைக்கு ஒழுகாத கூரையும், முதுமைக்கால ஓய்வூதியமும் அந்தப் பதிவேட்டிலிருந்து வந்தவை. ஓய்வுபெற்ற பின்னரும் நாள்தோறும் சங்க அலுவலகம் சென்று, எழுதத் தெரியாத முதியோருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். வளைந்த அதே விரலால்தான் எழுதினார்.

தோழர்களே, ஏலூர் தொழிலாளரின் ஊர். 1947இல் விறகை மூலப்பொருளாக்கி உரம் உற்பத்தி செய்யத் தொடங்கிய ஃபாக்ட் ஆலை இங்குள்ளது. நிரந்தர வேலை ஒரு குடும்பத்தை எப்படித் தலைநிமிரச் செய்யும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்றோ பெரும்பாவூரின் சந்திப்புகளில் வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் விடியற்காலையில் ஒப்பந்தக்காரருக்காகக் காத்து நிற்கிறார்கள். உணவு கொண்டுசெல்லும் இளைஞர் கைபேசித் திரையில் அடுத்த அழைப்பு ஒளிருமா என்று பார்த்திருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் உள்ளிட்டவற்றைக் கலைத்துத் தொகுப்புகளாக்கிய ஒன்றிய அரசு, இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் சூட்டுகிறது. எறியும் கை மறைந்திருக்கிறது. வில்லை மட்டும் இன்னும் விழுந்துகொண்டேயிருக்கிறது.

மூத்த தோழருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி மலர்மாலையோடு முடிந்துவிடக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளரையும் புலம்பெயர்ந்த தொழிலாளரையும் அவரவர் மொழியில் பேசிச் சங்கத்தில் சேர்ப்போம். நாளை என்று உறுதியோடு சொல்லும் உரிமையை அவர்களுக்கும் பெற்றுத் தருவோம்.

மறைந்த தோழருக்குச் செவ்வணக்கம்!