பக்க ஓரத்துப் பென்சில் எழுத்து

பேராசிரியப் பெருமக்களே, குருமார்களே, அருட்சகோதரிகளே, கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘ஸ்தோத்திரம்’ என்று தொடங்குவதா, ‘வணக்கம்’ என்று தொடங்குவதா என்று மேடை ஏறும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லை எடுத்தால் ஒரு சபையின் பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்ற சங்கடம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இன்று நேற்று வந்ததல்ல. ஆண்டவரின் பெயரிலேயே தொடங்கியது. வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஃபப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871-இல் வந்த ஹென்றி பவர் குழுவின் திருப்புதல் ‘தேவன்’ என்றது. 1995-இன் பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்கிறது. பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகங்களில் ‘சர்வேசுரன்’ இன்னும் வீற்றிருக்கிறார்.

வேத வாசிப்பும் தியான எழுத்தும் என்ற பொருளில் கருத்தரங்கம் என்றதும், “தியானமெல்லாம் ஆய்வுக்கு ஆகுமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கு என் பதில் இது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவையும், 1715-இல் அவர் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டையும் ஆராய்கிறோம். யாழ்ப்பாணத்தில் மிஷனரி பெர்சிவலுக்குத் துணையாக ஆறுமுக நாவலர் உழைத்த திருப்புதல் 1850-இல் வெளிவந்ததைப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் எந்தத் திருப்புதல் பிழைத்தது என்பதைத் தீர்மானித்தவர்கள் மொழிபெயர்த்தவர்கள் அல்லர். இருபதாம் நூற்றாண்டில் லார்சனும், அவருக்குப் பின் மோனகனும் பவர் திருப்புதலைத் திருத்திப் பார்த்தார்கள். இருவரும் பெரும் புலமையாளர்கள். இருந்தும் சீர்திருத்தச் சபைகளின் ஜனங்கள் பவரைக் கைவிடவில்லை. விடியற்காலையில் வாய்விட்டு வாசித்துப் பழகிய காது வேறு ஓசையை ஏற்க மறுத்துவிட்டது. அந்தக் காதை நாம் இன்னும் ஆராயவில்லை.

என் பாட்டியின் பைபிளைக் கொண்டுவந்திருக்கிறேன். பெரிய எழுத்துப் பதிப்பு, பவர் திருப்புதல். ஆதியாகமத்தில் எண்ணெய்க் கறை. லேவியராகமம் மட்டும் கடையில் வாங்கியதுபோல் அப்படியே இருக்கிறது, பாட்டி மன்னிக்க வேண்டும். 91-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் மூன்று தேதிகள்: ஒன்று மை, ஒன்று பென்சில், ஒன்று பால்பாயின்ட். பக்கத்தில் ‘தம்பிக்குக் காய்ச்சல்’, ‘ரயில் பயணம்’, ‘ஆப்பரேஷன்’. வசனத்துக்கு விளக்கமாக ஒரு சொல்கூட இல்லை. வசனத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்பதுதான் அங்கே இருக்கிறது.

கடைசிக் காலத்தில் அவளுக்குப் பொது மொழிபெயர்ப்பு ஒன்று கொடுத்தேன். 1 கொரிந்தியர் 13-இல் நின்றுவிட்டாள். “நம்பிக்கை இடம் மாறி உட்கார்ந்திருக்கே, தம்பி” என்றாள். சரியாகப் பிடித்தாள். கிரேக்கத்தில் முதலில் வருவது ‘பிஸ்திஸ்’, அடுத்தது ‘எல்பிஸ்’. பவரில் பிஸ்திஸுக்கு விசுவாசம், எல்பிஸுக்கு நம்பிக்கை. புதியதில் நம்பிக்கை முதல் நாற்காலிக்குப் போய்விட்டது. காலியான இடத்துக்கு ‘எதிர்நோக்கு’ வந்திருக்கிறது. நல்ல தமிழ் வேண்டும் என்று செய்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் விசுவாசம் என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு தனி வாழ்வு உண்டு. வடமொழியிலிருந்து நம்புதல் என்ற பொருளில் வந்தது, இங்கே நாய்க்கும் வேலைக்காரருக்கும் சொல்லிச் சொல்லி, மாறாமல் கூடவே இருப்பது என்ற பொருளையும் ஏற்றிக்கொண்டது. பிஸ்திஸும் அப்படித்தான்: நம்புவதும் அதுவே, நம்பத்தக்கவராய் நிலைத்திருப்பதும் அதுவே. எபிரேயத்தில் இதற்கு நிகரான ‘எமுனா’, நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ‘ஆமென்’ பிறந்த அதே வேரிலிருந்து வருவது. உறுதியாய் நிற்பது என்பது அதன் பொருள். பழக்கத்தில் கரடுமுரடாகிப்போன ஒரு சொல் மூலத்துக்கு இத்தனை நெருங்கி வருவதைப் பார்க்க எனக்கு வியப்பு தீரவில்லை. இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

தியான வாசிப்பில் எல்லாம் நலம் என்று சொல்ல வரவில்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் ஆண்டுக்கென்று ஒரு வசனம் தாங்கிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்தால் முகம் மலர்கிறது. நல்ல எதிர்காலம் பற்றிய வாக்கல்லவா! அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் என்பதை அட்டை சொல்வதில்லை. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது ஆண்டுகள் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அட்டையை எடுத்தவரோ பிப்ரவரிக்குள் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிறார். இந்த இடத்தில் ஆய்வாளர் பேச வேண்டும், அதுவும் ஜெபக் கூட்டத்தில் புரிகிற தமிழில்.

பாட்டிக்கும் ஒரு வருஷம் அந்த அட்டை வந்திருக்கிறது. அந்த வசனத்தின் அருகே பென்சிலில் எழுதியிருக்கிறாள்: ‘பத்தாம் வசனத்தையும் வாசி.’ இறையியல் கல்லூரி வாசல் அவள் மிதித்ததில்லை.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சில் வந்த தியான நூல்களோடு நிற்காதீர்கள். வீடுகளில் இருக்கும் பழைய பைபிள்களின் ஓரங்களைப் படம் எடுத்து வையுங்கள். மூத்தவர்கள் போனபின் பிள்ளைகள் புத்தகத்தைப் பெட்டியிலேயே வைத்து அடக்கம் செய்துவிடுவதும் உண்டு. சில பைபிள்களைக் கரையான் முந்திக்கொள்கிறது.

முதல் அமர்வுக்கு நேரமாகிவிட்டது. இந்தப் பைபிளை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போகிறேன், தேநீர் இடைவேளையில் புரட்டிப் பாருங்கள். சங்கீதப் பக்கங்கள் தையல் விட்டிருக்கின்றன, கொஞ்சம் பார்த்து.