உருவத்தை வெச்சு மீம் போடாதீங்க, உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிடுங்க

(தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இணையத்தில் நாகரிகம்’. அதுல ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போறேன்: உடம்பு, சோறு, தனிமை. இதுக்கும் நம்ம வேலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு.

எதிர்க்கட்சித் தலைவர் ஒருத்தர் மேடையில ஒரு புள்ளிவிவரத்தைத் தப்பா சொல்றார்னு வைங்க. சரியான கணக்கைத் தேடி எடுத்துப் போட்டா ஆளு பதில் சொல்ல முடியாது. ஆனா சிலர் கணக்கை விட்டுட்டு அவரோட தொப்பையைப் பிடிச்சுக்கிறாங்க. மீம் பறக்குது. அதை அந்தத் தலைவர் பார்க்கக்கூட மாட்டார். நம்ம வாட்ஸ்அப் குழுவில அதே உடம்போட ஒரு தோழர் இருப்பார், அவர் பார்ப்பார். சிரிக்கிற எமோஜிகூட போடுவார். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். ஏன் வரலைன்னு நாமளும் கேட்க மாட்டோம்.

என் கூடப் படிச்ச ஒருத்தன், ஓ.எம்.ஆர் பக்கம் வேலை. ஆபீஸ் கேன்டீன்ல ஒரு நாள் யாரோ ‘டேய், ரெண்டாவது ரவுண்டா?’னு கேட்டாங்களாம். விளையாட்டாத்தான். அன்னையிலிருந்து மதியம் கேன்டீன் பக்கமே போறதில்ல. பகல் பூரா டீ, பிஸ்கட். ராத்திரி பதினொரு மணிக்கு ரெண்டு பிரியாணி ஆர்டர் பண்ணி, கதவைச் சாத்திக்கிட்டு, போனைப் பார்த்துக்கிட்டே சாப்பிடறது. எடை ஏறுச்சு. சொந்த அத்தை பொண்ணு கல்யாணத்துக்கே போகல. பந்தியில உட்கார்ந்தா யாராவது ஏதாவது சொல்வாங்கன்னு பயம்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். பாசிட்டிவ் ஃபீட்பேக்! வெளியே வர்றது திரும்ப உள்ளே போய், சுற்றுக்குச் சுற்று பெருசாகும். கேலி, அதனால தனிமை, தனிமையில கண்டபடி சாப்பாடு, அதனால இன்னும் கூச்சம். கேள்வி ஒண்ணுதான்: இந்தச் சுற்றை எங்கே வெட்டறது?

எம்.ஐ.டி ஆய்வாளர்கள் 2020-ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. 40 பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் யாரோடும் பேசவிடாம தனியா வெச்சாங்க. இன்னொரு நாள் பத்து மணி நேரம் பட்டினி. அப்புறம் மூளையை ஸ்கேன் பண்ணிப் படங்கள் காட்டினாங்க. பட்டினிக்கு அப்புறம் சாப்பாட்டுப் படம் பார்த்தப்பவும், தனிமைக்கு அப்புறம் நாலு பேர் கூடிச் சிரிக்கிற படம் பார்த்தப்பவும், நடுமூளையில ஒரே பகுதி ஒரே மாதிரி துடிச்சுச்சு. ஆள் பசின்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு தோழர்களே.

2024-ல கலிபோர்னியாவில 93 பெண்கள்கிட்ட நடந்த ஆய்வில, தனிமையை அதிகமா உணர்ந்தவங்களுக்கு உணவுப் படங்களுக்கு மூளையோட எதிர்வினையும் கூடுதல், உடம்புல கொழுப்பும் கூடுதல். எது காரணம், எது விளைவுன்னு அது நிரூபிக்கல. ரெண்டும் கைகோர்த்து வருதுன்னு காட்டுது, அவ்வளவுதான்.

பொண்ணுங்க கதை இன்னும் மோசம். குழந்தை பெத்தவங்ககிட்ட முதல் விசாரிப்பே ‘என்னம்மா இப்படி ஊதிட்டே?’ எல்லாருக்கும் பரிமாறிட்டு, மிச்சத்தை அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிடற அம்மாக்கள் எத்தனை வீட்டுல! வீடு நிறைய ஆள் இருந்தும் தனியா சாப்பிடறவங்க அவங்க.

ஒல்லியா இருக்கறவங்களும் தப்பிக்கல. நம்ம சினிமாவில பேருக்கு முன்னாடியே உடம்பு ஒட்டிக்கிச்சு: ஓமக்குச்சி நரசிம்மன், குண்டு கல்யாணம்.

‘கேலி பண்ணினாத்தான் ரோஷம் வந்து குறைப்பான்’னு ஒரு தோழர் சொன்னார். தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21: தமிழ்நாட்டுல பெண்கள்ல 40.4 சதவீதம், ஆண்கள்ல 37 சதவீதம் பேருக்கு அதிக எடை. கேலியால எடை குறையும்னா, நம்ம ஊர்ல பண்ற கேலிக்கு ஒருத்தருக்கும் தொப்பை இருக்கக் கூடாதே!

யார் பக்கத்துல யார் உட்கார்ந்து சாப்பிடறதுங்கறது இந்த மண்ணுல அரசியல். 1920-கள்ல சேரன்மாதேவி குருகுலத்துல பிள்ளைகளைச் சாதி பார்த்துத் தனித்தனியா சாப்பிட வெச்சதுக்குத்தான் தமிழ்நாடே கொதிச்சுது. ஆகஸ்ட் 15 அன்னைக்குக் கோயில்கள்ல அரசு பொது விருந்து வைக்கறதும் அதே பந்திக்காகத்தான். சாதிக் கொடுமையையும் உருவக்கேலியையும் நான் ஒண்ணா வைக்கல. ஆனா பந்தியிலிருந்து ஒருத்தர் தானா எழுந்து போற மாதிரி பண்றதும் சின்ன விஷயம் இல்ல.

அதனால வேலைக்கு வருவோம். உருவத்தை வெச்சு வர்ற எந்தப் படமும் நம்ம பக்கத்துல ஏறாது, அது எந்தக் கட்சித் தலைவரா இருந்தாலும் சரி. குழுவில யாராவது போட்டா அட்மின் நீக்கணும், போட்டவருக்குத் தனியா சொல்லணும், எல்லார் முன்னாடியும் திட்ட வேண்டாம். ரொம்ப நாளா வராத தோழருக்குப் போன் பண்ணுங்க. ‘இளைச்சிருக்கீங்களே’, ‘பெருத்திருக்கீங்களே’ எதுவும் வேண்டாம். ‘சாப்பிட வாங்க’ போதும். மனசு ரொம்பத் தாழ்ந்திருக்குன்னு தெரிஞ்சா 14416, டெலி-மானஸ் இலவச உதவி எண், சொல்லுங்க. சாப்பாடு கட்டுப்பாட்டை மீறிப் போச்சுன்னா டாக்டரைப் பார்க்கணும், நம்ம அறிவுரை பத்தாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கில பொட்டலம் கிடையாது. இலை போட்டு, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடறோம். பரிமாறப் பத்துப் பேர் வேணும். உங்க ஒன்றியத்துலேருந்து எத்தனை பேர் வர்றீங்கன்னு வியாழக்கிழமைக்குள்ள கமெண்ட்ல சொல்லிடுங்க.