அச்சத்தின் அருகே போகும் சிகிச்சை

இரண்டு வயதும் பத்து மாதமும் நிரம்பிய பீட்டர் என்ற சிறுவனுக்கு முயலைக் கண்டாலே நடுக்கம். எலி, ரோமத் தோல் அங்கி, இறகு, பஞ்சு என்று மென்மையாக இருந்த பலவும் அவனை அழவைத்தன. மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் அமெரிக்க உளவியலாளர் அவனைச் சிகிச்சைக்கு ஏற்றுக்கொண்டார். முயலுக்குப் பயப்படாத குழந்தைகளோடு அவனை விளையாடவிட்டார். பயம் கொஞ்சம் தணிந்தது. அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வேளையில் பெரிய நாய் ஒன்று பாய்ந்து வர, பழைய பயம் முழுதாகத் திரும்பிவிட்டது.

ஜோன்ஸ் மனம் தளரவில்லை. பீட்டரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்துப் பிடித்த தின்பண்டத்தைக் கையில் கொடுத்தார். அவன் சாப்பிடும்போது கம்பிக்கூண்டில் முயல் உள்ளே வரும். அவன் சாப்பாடு தடைபடாத தூரத்தில் நிற்கும். போகப்போக அந்தத் தூரம் குறைந்தது. கடைசியில் முயல் விரலைக் கொறித்தபோதும் பீட்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. 1924இல் வெளியான இந்த ஆய்விலிருந்துதான் நடத்தைச் சிகிச்சையின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவது வழக்கம்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்திருந்தார்கள். ஆல்பர்ட் என்ற 11 மாதக் குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்தார்கள். எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. ஊட்டிய பயத்தை அகற்றாமலே அவனை அனுப்பியும் விட்டார்கள். கற்றுக்கொண்ட பயத்தை வேறொரு அனுபவத்தால் மாற்ற முடியும் என்பதைக் காட்டி, அந்தச் சோதனையில் விடுபட்டதை ஜோன்ஸ் நிறைவுசெய்தார்.

இதை ஒழுங்கான மருத்துவ முறையாக வளர்த்தவர் தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்பே. இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராக இருந்த அவருக்கு, போரில் மனம் குலைந்த வீரர்களுக்குத் தரப்பட்ட மருந்துகளின் பலன் நிறைவளிக்கவில்லை. 1958இல் அவர் நூலாக வெளியிட்ட முறை மிகத் தெளிவானது. நோயாளி முதலில் தசைகளைத் தளர்த்தக் கற்றுக்கொள்வார். பிறகு தன் பயங்களைச் சிறிதிலிருந்து பெரிதாகப் படிவரிசையாக்குவார். நாய்க்குப் பயந்தவர் என்றால் நாயின் படம் முதல் படி, தெருமுனையில் கட்டிப்போட்ட நாய் நடுப்படி, பக்கத்தில் நின்று தடவிக் கொடுப்பது மேல்படி. உடல் தளர்ந்த நிலையில் ஒவ்வொரு படியையும் மனத்தில் காண்பார். பதற்றம் அடங்கிய பிறகே அடுத்த படி.

பயம் ஏன் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது? லிஃப்டைக் கண்டு பயந்தவர் படிக்கட்டுக்குத் திரும்பியதும் மார்பின் படபடப்பு தணிகிறது. அந்த நிம்மதியே அவருக்குப் பரிசு. பரிசு கிடைத்த செயல் மறுபடி நிகழும். அடுத்த முறை அவர் இன்னும் விரைவாக விலகுவார். லிஃப்டுக்குள் எதுவும் நேராது என்று அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டுவதே இல்லை. இந்த வட்டத்தை உடைப்பதுதான் நடத்தைச் சிகிச்சையின் மையம்.

ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோயில் இதன் வலிமை தெளிவாகத் தெரியும். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையை விவரித்தார். அஞ்சியதைத் தொடவேண்டும், தொட்டபின் வழக்கமான சடங்கைச் செய்யக்கூடாது. கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் உட்கார்ந்திருப்பது அத்தகைய ஒரு நோயாளிக்கு எவ்வளவு பெரிய காரியம்! பதற்றம் ஏறுகிறது, சற்று நேரத்தில், தண்ணீரும் சோப்பும் இல்லாமலே, இறங்குகிறது. அதை அவர் தம் உடம்பிலேயே அறிகிறார். பிரிட்டனின் அதிகாரபூர்வ மருத்துவ வழிகாட்டுதல்கள் இன்றும் இம்முறையைப் பரிந்துரைக்கின்றன.

எல்லாப் பயத்துக்கும் ஒரே மருந்து என்று இந்தச் சிகிச்சை நினைப்பதில்லை. பெரும்பாலான பயங்களில் இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் கூடும். இரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுபவர்களில் பலருக்கு அழுத்தம் முதலில் ஏறி, சட்டென்று விழுந்து, மயக்கம் வந்துவிடும். அவர்களிடம் உடம்பைத் தளர்த்தச் சொல்வது பொருந்தாது. ஸ்வீடனின் லார்ஸ் யோரான் ஓஸ்ட் அவர்களுக்கு எதிர்ப்பயிற்சி தந்தார்: கை, கால், உடல் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, முகம் சூடேறியதும் இயல்புநிலைக்கு விடவேண்டும், சற்று ஓய்ந்து மீண்டும் இறுக்கவேண்டும். அழுத்தம் விழாமல் காக்கும் இந்த எளிய உத்தி, காரணத்தைக் கண்டறிந்து செய்யப்படும் சிகிச்சையின் அழகுக்குச் சான்று.

இந்தக் கலைக்கு வெட்கப்பட வேண்டிய ஒரு பக்கமும் உண்டு. தன்பாலின ஈர்ப்பை நோயாகக் கருதிய காலத்தில், மின்னதிர்ச்சியாலும் வாந்தி மருந்தாலும் அதை ‘மாற்ற’ முயன்றார்கள். நோயே இல்லாதவர்களுக்குத் தண்டனையைச் சிகிச்சை என்று கொடுத்தார்கள். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மருத்துவத்தின் பெயரால் பாலியல் ஈர்ப்பை மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். எந்த நடத்தையை மாற்றவேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை யாருடையது என்ற கேள்வியை, இந்தத் துறையில் இயங்கும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

பீட்டருக்கு நேர்ந்ததுபோல், போன பயம் திரும்புவதும் உண்டு. அதனால்தான் நல்ல சிகிச்சையாளர் மருத்துவமனை அறையோடு நிறுத்தாமல் பேருந்து, கடைத்தெரு, உறவினர் வீடு என்று பல இடங்களில் பயிற்சி செய்யச் சொல்வார். அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே விளக்குவார். நோயாளி சம்மதிக்காத படியில் ஏறச்சொல்ல மாட்டார். சிகிச்சைக்குப் போகிறவர் முதல் நாளிலேயே இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் ஒன்றிய அரசின் டெலிமனஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.