கதவில் தொங்கிய பலகை
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஜெர்மனியில் மூணு மாசம் இருந்துட்டு வந்திருக்கீங்க, பார்த்ததைச் சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். கோட்டையும் மியூசியமும் உங்கள் பிள்ளைகள் போனிலேயே காட்டிவிடுவார்கள். நான் ஸ்டுட்கார்ட் நகரில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் படிக்கட்டையும் வாசலையும் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் போனது செப்டம்பரில். விசா 90 நாள். நமக்குப் புரட்டாசி பிறக்கும் நேரம், அவர்களுக்கு இலையுதிர் காலத் தொடக்கம். நமக்குத் தாமிரபரணி மாதிரி அவர்களுக்கு நெக்கார் ஆறு. ஆற்றை ஒட்டிய மேடுகளில் திராட்சைத் தோட்டங்கள், அறுவடையும் அப்போதுதான். பிறகு மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகி உதிர ஆரம்பிக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்; அதற்குப் பிறகு நாலரை. நவம்பர் கடைசியில் சாயங்காலம் நாலரை மணிக்கே பொழுது அடைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, தெருவில் சத்தமும் கிடையாது. காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கிறது. அதனால் ஆற்றங்கரையில் பாட்டில் கிடந்து நான் பார்த்தது குறைவு.

மகள் வீட்டுக் கதவில் ஒருநாள் ஒரு சின்னப் பலகை தொங்கியது. 'கேர்வோகே' என்று எழுதியிருந்தது. பெருக்கும் வாரம் என்று அர்த்தமாம். அந்த வாரம் படிக்கட்டு, வாசல், நடைபாதை எல்லாம் அந்த வீட்டுப் பொறுப்பு. முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். வாரந்தோறும் குப்பையை அப்புறப்படுத்தச் சொல்லி 1492-ஆம் ஆண்டு நகரச் சட்டத்திலேயே இருக்கிறதாம். இலை உதிரும் காலத்தில் இந்த வேலை கூடிவிடும். நனைந்த சருகில் யாராவது வழுக்கி விழுந்தால் கட்டிடத்துக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மருமகனும் துடைப்பமும் கையுமாகத்தான் நின்றார். வாரிய சருகைக் கொளுத்துவதில்லை, மக்கும் குப்பைக்கான பழுப்புத் தொட்டியில் போடுகிறார்கள்.

மேல் வீட்டில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி, தனியாக. நவம்பரில் ஒரு வாரம் அவர் கதவில் மாட்டிய பலகை அங்கேயே கிடந்தது, சருகும் வாசலிலேயே கிடந்தது. எதிர் வீட்டுப் பையன் மணி அடித்துப் பார்த்தால் பாட்டி காய்ச்சலில் படுத்திருக்கிறார். ரொட்டியும் மருந்தும் வாங்கிக் கொடுத்து, அவர் பங்கையும் பெருக்கிவிட்டு, பலகையை அவனே அடுத்த கதவில் மாட்டினான். பலகை நகராததால்தான் அவன் போய்ப் பார்த்தான்.

அங்கேயும் குறை உண்டு. நாலு இலை கிடந்தால் முறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பல கட்டிடங்களில் இப்போது சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டார்கள். சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. நம் ஊரில் சாம்பார் கிண்ணம் வீடு மாறிப் போகிற மாதிரி அங்கே பார்க்க முடியாது. ஆனால் நம்மிடமும் கதவு சாத்தியே இருக்கிற வீடுகள் கூடிக்கொண்டு வருகின்றன. பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். இங்கே வயதானவர்கள் மட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் தண்ணீர். நம் கட்டிடத்தில் கரண்டும் இல்லை, போனும் எடுக்கவில்லை. தனியாக இருந்த ஒரு பெரியவருக்குக் குளிரில் வைக்க வேண்டிய ஊசி மருந்து இருக்கிறது என்பதே நமக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்த அவர் மகன் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்திருக்கிறார். நல்லவேளை, பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். தளத்துக்கு ஒரு பலகை வைப்போம். நமக்குப் பெருக்கித் தருகிற அக்காவின் வேலையும் சம்பளமும் அப்படியே இருக்கட்டும். பலகை உள்ள வீட்டுக்கு மூன்றே வேலை. மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் வேப்பஞ்சருகும் பாலிதீன் பையும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே கூட்டிய சருகை யாரும் கொளுத்தாமல் குழியில் போடச் சொல்ல வேண்டும். அந்தத் தளத்தில் தனியாக இருப்பவர்களின் கதவை ஒரு தடவை தட்டி, "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று கேட்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டால் நல்லது. செக்யூரிட்டி மேஜையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டு எண்ணையும், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய பிள்ளையின் நம்பரையும் எழுதி வையுங்கள். எங்கள் தளத்தில் முதல் வாரம் பலகையை எங்கள் கதவில் மாட்டுங்கள்.