பட்டாளத்தார் வீட்டு அம்மையார்

 

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றியும் முன்னோரைப் பற்றியும் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தனர். முன்னோர் என்றதும் நம் நாவில் ஆடவர் பெயர்களே முந்தி வருகின்றன. ஆதலின் இன்று ஒரு பட்டாளத்துக்காரரின் மனைவியை, பதினான்கு பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாயை நினைவுகூர விரும்புகிறோம். அவர் பெயர் பீமாபாய். அண்ணல் அம்பேத்கரை ஈன்ற அன்னை அவர்.

அவரிடம் செல்லுமுன் நம் பாலசமுத்திரத்துப் பட்டாளத்து அம்மாயியைச் சற்றே நினைத்துக்கொள்வோம். இளைஞர்களில் பலர் அவரைத் திண்ணையில் அமர்ந்த கிழவியாகவே கண்டிருப்பீர்கள். மணமான புதிதில் கணவரோடு பெங்களூருக்குப் போனவர்; பின்னர் செகந்திராபாத், ஜபல்பூர் என்று பட்டாளம் போன இடமெல்லாம் பெட்டியும் பிள்ளைகளுமாகப் போனவர்; தொண்ணூறு வயதைக் கடந்து கண்மூடியவர். நம் தெருவுக்கு வந்த கடிதங்களையும் மணியார்டர்ச் சீட்டுகளையும் பல ஆண்டுகள் அவர்தாம் படித்துச் சொன்னார். எழுத்து எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், “பட்டாளத்து லயன்லதான் கண்ணு” என்பார். அந்த லயன் என்னும் சொல்லின் பின்னே ஒரு நெடிய வரலாறு உண்டு.

பீமாபாய் பட்டாளத்து வீட்டிலே பிறந்தவர். அவருடைய தந்தையார் முர்பாத் ஊரைச் சேர்ந்தவர். படையில் சுபேதார் மேஜர் பதவி வகித்தவர். அவர் மணந்துகொண்ட ராம்ஜி சக்பாலும் பட்டாளத்துக்காரரே. இரத்தினகிரி மாவட்டத்தின் அம்பாவடே கிராமத்து மகர் குடும்பத்தினர். சக்பால் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்று, படைப்பள்ளியின் தலைமையாசிரியராகப் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றி, சுபேதாராக உயர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சிப்பாய்களுக்கு மட்டுமின்றி அவர்தம் ஆண், பெண் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமாக இருந்தது என்றும், தீண்டாதார் கண்களை முதலில் திறந்தது அக்கல்வியே என்றும் அண்ணல் எழுதியிருக்கிறார். வெள்ளையருக்கு நம்மீது பொங்கி வழிந்த அன்பு என்று இதை எவரும் கருதிவிட வேண்டா. கணக்கு எழுதவும் கட்டளையைப் படிக்கவும் தெரிந்த சிப்பாய் அவர்களுக்குத் தேவைப்பட்டான். தேவை அவர்களுடையது, எழுத்து நமக்குக் கிடைத்தது.

பட்டாளத்தான் மனைவியின் வாழ்வு எத்தகையது? ஓரிடத்தில் அடுப்புக் கூட்டி, அக்கம்பக்கத்தாரின் மொழி சற்றே பழகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கும் வேளையில் இடமாற்றக் கட்டளை வந்துவிடும். மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமே பாதி வாழ்க்கை. இந்நிலையில் பீமாபாய் பதினான்கு முறை கருவுயிர்த்தார். 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படைநகரில் பிறந்தது பதினான்காவது குழந்தை. அதற்குப் பீம் என்று பெயரிட்டனர். அன்னையின் பெயர் மகன் பெயரில் ஒலிப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? மத்தியப் பிரதேசத்திலுள்ள அந்த ஊருக்கு 2003ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் நகர் என்றே பெயர் சூட்டப்பட்டது. பதினான்கில் நிலைத்தவர் ஐவர்: பாலாராம், ஆனந்தராவ், பீமராவ் என மூன்று ஆண்மக்கள்; மஞ்சுளா, துளசி என இரு பெண்மக்கள். எஞ்சிய ஒன்பதும் எந்தெந்த ஊரின் மண்ணில் உறங்குகின்றனவோ!

பீம் பிறந்த சில ஆண்டுகளில் சக்பால் ஓய்வு பெற்றார். 1892ஆம் ஆண்டில் மகர் மக்களைப் படையில் சேர்ப்பதையே அரசு நிறுத்திவிட்டது. போர்க்குடி என்றும் போருக்கு ஆகாத குடி என்றும் ஒரு பிரிவினையை அவர்கள் வகுத்த காலம் அது. நம் சென்னை மாகாணத்துப் படைகளும் அக்காலத்தில்தான் சுருங்கின. நம் மக்கள் நிறைந்திருந்த பயனியர் படைகள் 1933இல் கலைக்கப்பட்டன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை சாப்பர்கள் படை நிலைத்தது. மகர் மக்களுக்கு 1941இல் தனிப் படைப்பிரிவு அமைந்தபோது, அதற்காக வாதாடியவர்களுள் பீமாபாயின் கடைசி மகனும் ஒருவர்.

குடும்பம் முதலில் தபோலிக்கும், பின்னர் சாதாராவுக்கும் சென்றது. சாதாராவுக்கு வந்த சிறிது காலத்தில் பீமாபாய் மறைந்தார். பீமுக்கு அப்போது வயது ஏறத்தாழ ஐந்து. எத்தனையோ ஊர்களில் அடுப்பு மூட்டிய அந்த அம்மையாருக்கு நம் அம்மாயி கண்ட நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை.

தாயற்ற அவ்வீட்டின் நிலையை அண்ணலே எழுதி வைத்திருக்கிறார். ஏறத்தாழ 1901ஆம் ஆண்டு. பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை தருவதற்காக வெட்டப்பட்ட ஏரிப் பணியில் தந்தையார் காசாளராக வெளியூரில் இருந்தார். வீட்டில் பிள்ளைகளும் ஓர் அத்தையுமே இருந்தனர். அத்தை அன்பே உருவானவர். ஆயினும் பிறர் துணையின்றி நடமாட இயலாதவர். சமையல் பெரும்பாடாயிற்று. ரொட்டி சுடத் தெரியாத பிள்ளைகள் அரிசியையும் இறைச்சியையும் ஒன்றாக வேகவைத்து உண்டு காலம் கழித்தனர்.

கோடை விடுமுறையில் தந்தையாரைக் காணப் புத்தாடை உடுத்து இரயிலேறினர். மசூர் நிலையத்தில் இறங்கி, தாங்கள் மகர் என்று சொன்ன கணத்திலிருந்து அவர்களுக்கு வண்டியோட்ட ஆள் கிடைக்கவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்ட, வண்டிக்காரன் உடன் நடந்து வந்தான். கையில் கட்டுச்சோறு இருந்தும் குடிக்க நீர் தருவாரின்றி இரவெல்லாம் பட்டினி. படைநகர் ஒன்றில் பிறந்த பிள்ளைக்குப் படைநகருக்கு வெளியே உள்ள நாடு இன்னதென்று அன்று விளங்கியது. பீமாபாய் உடன் சென்றிருந்தால்? பல ஊர் கண்டவர், துணிந்து நான்கு சொல் கேட்டிருப்பார். ஆயினும் அந்த வண்டிக்காரன் மனம் இளகியிருக்கும் என்று எங்களால் நம்ப இயலவில்லை.

நம் அம்மாயி கண்டதும் இதுவே. வடநாட்டு இரயிலில் எல்லாச் சாதியாரோடும் நெருக்கியடித்து அமர்ந்து வந்தவர், ஊர்திரும்பிய முதல் நாள் ஒரு தேநீர்க் கடையில் நின்றார். அவருக்குத் தனிக்குவளை நீட்டப்பட்டது. அவர் வாங்கவில்லை, அதன்பின் வாழ்நாள் முழுவதும் கடைத் தேநீர் அருந்தவுமில்லை. வீட்டிலே போட்டுக் குடித்தார், எங்களுக்கும் கொடுத்தார். அதில் சர்க்கரை சற்று அதிகமாகவே இருக்கும்.

பெண்மக்கள் கவனத்திற்கு இன்னுமொன்று. சக்பாலின் ஓய்வூதியம் குறைவு. மகன் கேட்ட நூல்களோ அதிகம். கையில் காசில்லாதபோது அவர் மணமான தம் மகளிடம் ஓடுவாராம். அவளிடமும் பணம் இல்லையெனில் அடுத்த மகளிடம் சென்று, தாம் சீராகக் கொடுத்த நகையையே இரவல் வாங்கி, மார்வாடியிடம் அடகு வைத்து நூல் வாங்கி வருவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். இதையும் அண்ணலே எழுதியிருக்கிறார். பீமாபாய் பெற்ற பெண்மக்களின் கழுத்தணியும் கையணியும் ஒரு பேரறிஞரின் நூல்களாயின. அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் மஞ்சுளா, துளசி என்னும் பெயர்கள் ஏனோ கேட்பதில்லை.

அம்மாயி மறைந்தபின் அவருடைய தகரப் பெட்டியை அவர் பேரர்கள் நம் கழக நூலகத்திற்குக் கொடுத்தனர். மேல்மூடியில் கணவரின் படை எண்ணும் பதவியும் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டுள்ளன. உள்ளே கணவரின் பதக்கம், பணிச் சான்றுகள், சில கடிதங்கள் இருந்தன. அம்மாயியின் பெயர் எழுதிய தாள் ஒன்றே ஒன்று கிடைத்தது. அது குடும்ப ஓய்வூதிய ஆணை. அதிலும் “இன்னாரின் விதவை” என்பதற்கு அடுத்தே அவர் பெயர் வருகிறது. அதன் ஓரத்தில் அம்மாயி கைநாட்டு வைக்கவில்லை. தமிழில், சற்றே சாய்ந்த எழுத்தில், கையொப்பம் இட்டிருக்கிறார். விழா முடிந்ததும் இளைஞர்கள் நூலகத்திற்குச் சென்று அதைப் பார்க்கலாம்; மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறோம்.